எத்தனாலை அளப்பதா, ஊகிப்பதா?

பெட்ரோலையும் எத்தனாலையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து நிரப்பினாலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃப்யூயல் காரில், எத்தனால் விகிதத்தை அறிய இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, எரிபொருள் குழாயிலேயே தனி சென்சார். பெட்ரோலின் மின்காப்பு மாறிலி (மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதன் அளவு) சுமார் 2, எத்தனாலுக்குச் சுமார் 24. இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் கலவையை எரிவதற்கு முன்பே அளந்துவிடலாம். குறை, விலைதான்.

மற்றொன்று, புகைபோக்கியில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை வைத்து ஊகிப்பது. 2003-ல் பிரேசிலில் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல் டோட்டல் ஃப்ளெக்ஸ் இந்த வகை. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாய் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். எத்தனால் கூடினால் புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சும். உடனே இன்ஜின் கணினி, எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறக்கும், அந்தத் திருத்தத்திலிருந்தே விகிதத்தைக் கணிக்கும். கூடுதல் பாகமே இல்லாத இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

ஆனாலும் நான் தனி சென்சார் பக்கம்தான். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாயில் வெளிக்காற்று கசிந்து புகுந்தாலும் புகையில் ஆக்ஸிஜன் கூடும். கணினி அதை எத்தனால் என்று தப்புக்கணக்குப் போடலாம். இந்த ஊகிக்கும் வகையில், வேறு எரிபொருள் நிரப்பியதும், கணினி புது விகிதத்தைக் கணிக்கும் முன்பே வண்டியை நிறுத்திவிட்டால், மறுநாள் குளிரில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். சில கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.