தொடக்கப்பள்ளி ஆசிரியர் பட்டப்படிப்பு: நாலு வருடத்தில் எது உருப்படி, எது வீண்

சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் படிக்கப் போகிறேன் என்று சொன்னால் "ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எழுத்து சொல்லித் தர எதுக்கு டிகிரி, அதுவும் நாலு வருஷம்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் விடமாட்டார்கள். அந்தப் படிப்பை முடித்து இப்போது மூன்றாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாலு வருடம் கட்டாயம் வேண்டும் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த நாலு வருடத்தை எதில் போட வைக்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் ரொம்பவே மாறுகிறது, சேரப் போகிறவர்கள் கையேட்டில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சேர்வதற்கான தகுதி பெரும்பாலும் பெரிய தடையாக இருக்காது. பள்ளி இறுதி மதிப்பெண், பல இடங்களில் ஒரு நுழைவுத் தேர்வு அல்லது நேர்காணல், குழந்தைகளோடு பழகப் போகிறவர் என்பதால் குற்றப் பின்னணி இல்லை என்பதற்கான சான்று, அவ்வளவுதான். ஃபின்லாந்து மாதிரி நாடுகளில் கதை வேறு. அங்கே 1970களின் கடைசியிலிருந்தே வகுப்பாசிரியர் ஆவதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும், விண்ணப்பிக்கிறவர்களில் கொஞ்சம் பேருக்குத்தான் இடம் கிடைக்கும். மற்ற இடங்களில் உள்ளே போவது சுலபம், உள்ளே போன பிறகுதான் வேலை.

படிப்பை நாலு பகுதியாகப் பிரிக்கலாம்: பாட அறிவு, குழந்தை உளவியல், கற்பிக்கும் முறை, பள்ளியில் பயிற்சி. தொடக்கப்பள்ளியில் ஒரே ஆசிரியர்தான் மொழி, கணக்கு, அறிவியல், சமூகம் எல்லாவற்றையும் எடுப்பார் என்பதால் எந்தப் பாடத்தையும் ஒதுக்க முடியாது. கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் நிறைய பேர் உண்டு, அவர்களுக்கு முதல் வருடமே தெரிந்துவிடும், இங்கே கணக்கு இன்னும் ஆழமாக வரும் என்று.

அந்தக் கணக்குத் தாளைத்தான் முழுப் படிப்பிலும் சிறந்தது என்பேன். 302லிருந்து 146ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 244 என்று எழுதுகிறது. சாதாரணமாக நாம் என்ன செய்வோம், சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு 156 என்று பக்கத்தில் எழுதிவிடுவோம். எங்கள் விரிவுரையாளர் இப்படிப்பட்ட விடைத்தாள்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்து, இந்த விடை எப்படி வந்தது என்று கண்டுபிடியுங்கள் என்பார். உற்றுப் பார்த்தால், அந்தப் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்திருக்கிறது: ஆறிலிருந்து இரண்டு, நாலிலிருந்து சைபர், மூன்றிலிருந்து ஒன்று. கவனக்குறைவு என்று சொல்லவே முடியாது, அந்தப் பிள்ளை தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. இடமதிப்பு மனதில் பதியவில்லை, அதனால் கடன் வாங்கிக் கழிப்பது வெறும் சடங்காகத் தெரிகிறது, அதிலும் பத்துகள் இடத்தில் சைபர் இருந்தால் யாரிடம் கடன் வாங்குவது என்றே புரியாது. இதற்கு மருந்து இன்னும் இருபது கணக்கு கொடுப்பது இல்லை, பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக் கையில் கொடுத்து, நூறை உடைத்தால் பத்துக் கட்டு, அதில் ஒரு கட்டை உடைத்தால் பத்துக் குச்சி என்று செய்து பார்க்க வைப்பது. லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986இல் இதைத் தனி வகை அறிவு என்றே எழுதினார், பாடம் தெரிவது ஒன்று, அந்தப் பாடத்தை ஒரு குழந்தை எங்கே எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளும் என்று தெரிவது இன்னொன்று. கணக்கில் பட்டம் வாங்கினவருக்கும் இந்த இரண்டாவது தானாக வந்துவிடாது.

வாசிப்பு கற்பிக்கும் தாளும் அதே அளவு முக்கியம், ஆனால் பல கல்லூரிகள் இதை மொழிப்பாடத்தோடு சேர்த்து ஒரே செமஸ்டரில் ஓட்டிவிடுகின்றன. அமெரிக்காவில் 2000இல் வந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கை ஐந்து விஷயங்களைச் சொன்னது: பேச்சிலுள்ள ஒலிகளைப் பிரித்துணர்தல், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு, தடங்கலில்லாமல் வாசித்தல், சொல்வளம், பொருள் புரிதல். இந்த ஐந்தையும் தனித்தனியாகச் சொல்லித்தந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வைக்கிற கல்லூரி கிடைத்தால் விடாதீர்கள். படத்தில் குதிரைக்குட்டி இருக்கிறது, கீழே "குட்டி ஓடியது" என்று இருக்கிறது, பிள்ளை "குதிரை ஓடியது" என்று சரளமாக வாசிக்கிறது. கேட்கிறவர் பக்கத்தைப் பார்க்காவிட்டால் சபாஷ் என்று சொல்லிவிடுவார். முதல் எழுத்தையும் படத்தையும் வைத்து ஊகிக்கிற பிள்ளை இரண்டாம் வகுப்பு வரை சமாளிக்கும், படம் குறைந்து எழுத்து கூடுகிற வகுப்பு வந்ததும் திணறும், அப்போது வீட்டில் "நல்லாத்தானே படிச்சுக்கிட்டிருந்தான்" என்று குழம்புவார்கள். பிள்ளை வாசிக்கும்போது சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள எங்களைப் பழக்கினார்கள், நியூசிலாந்தின் மேரி கிளே கொண்டுவந்த முறை அது. அந்தப் பழக்கம் எனக்கு இன்றைக்கும் தினமும் கைகொடுக்கிறது.

குழந்தை உளவியல் பரவாயில்லை ரகம். குழந்தைகளின் சிந்தனை எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி என்று பெயர்களையும், அவர்கள் சொன்ன நிலைகளையும் மனப்பாடம் செய்ய வைத்தால் அது பரீட்சையோடு போய்விடும். ஒரே அளவு தண்ணீரை அகலமான டம்ளரிலிருந்து உயரமான டம்ளருக்கு மாற்றி ஊற்றினால் ஐந்து வயதுப் பிள்ளை "இதில்தான் அதிகம்" என்று அடித்துச் சொல்வதை நேரில் ஒரு தடவை பார்த்தவருக்கு அது மறக்காது. சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளுக்கான தாள் பல இடங்களில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது போதவே போதாது, ஏனென்றால் எந்த வகுப்பிலும் அப்படி ஒரு பிள்ளையாவது கட்டாயம் இருக்கும். கல்வி வரலாறு, தத்துவம் எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கும், பாரமில்லை.

அப்புறம் ரெக்கார்டு, அதாவது பாடக்குறிப்புகளை எழுதி மதிப்பெண்ணுக்குக் காட்ட வேண்டிய நோட்டு. பாடக்குறிப்பு எழுதப் பழகுவது அவசியம், ஒரு நாற்பது நிமிடத்தில் எதை முதலில் கேட்பது, எங்கே நிறுத்துவது, புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று யோசிக்க அதுதான் வழி. ஆனால் ஒரே வடிவத்தில் கட்டுக்கட்டாக எழுதி, ஓரத்தில் கோடு போட்டு, சார்ட்டுக்கு வண்ணம் தீட்டி மதிப்பெண் வாங்குவதில் போகிற இரவுகளைப் பிள்ளைகளோடு இருக்கக் கொடுத்திருந்தால் எவ்வளவோ கற்றிருப்போம். நுண்ணிலைக் கற்பித்தல் என்று சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்துச் சில நிமிடம் பாடம் எடுப்பதும் உண்டு, 1960களில் ஸ்டான்ஃபோர்டில் ஆரம்பித்த முறை. கேள்வி கேட்கும் விதம், கரும்பலகையில் எழுதும் விதம் இதையெல்லாம் திருத்த உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

எனக்கு உண்மையான கோபம் பள்ளிப் பயிற்சியில்தான். நான் படித்த கல்லூரியில் முதல் இரண்டு வருடம் ஒரு வகுப்பறைக்குள்ளும் கால் வைக்க விடவில்லை, மூன்றாம் வருடம் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது, கடைசி வருடம்தான் பாடம் எடுப்பது. என்னோடு படித்த ஒருவர் நன்றாகப் படிக்கிறவர், நாலாம் வருடம் முதன்முதலாகப் பிள்ளைகள் முன்னால் நின்ற பிறகுதான் இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டார், அதற்குள் மூன்று வருடம் போயிருந்தது. இன்னும் சிலர் போன பள்ளியில் வராத ஆசிரியருக்குப் பதிலாக நிற்க வைத்துவிட்டார்கள், அவர்கள் எடுத்த பாடத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் இல்லை. முதல் வருடத்திலிருந்தே வாரம் ஒரு நாளாவது பள்ளிக்கு அனுப்பி, கடைசியில் ஒரு முழு செமஸ்டர் ஒரே வகுப்போடு இருக்க வைக்கிற படிப்புகள் இருக்கின்றன, அவற்றுக்கும் இதற்கும் பெயரும் பட்டமும் ஒன்றுதான், வெளியே வருகிற ஆசிரியர் ஒன்றில்லை.

படித்து முடித்ததும் வேலை என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலான இடங்களில் உரிமமோ தகுதித் தேர்வோ தனியாக இருக்கும், அந்தப் பட்டம் நீங்கள் வேலை பார்க்க நினைக்கிற இடத்தில் எந்த வகுப்பு வரை செல்லும் என்பதையும் சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மொத்தமாக மதிப்பெண் போடச் சொன்னால் கணக்குக்கும் வாசிப்புக்கும் ஐந்துக்கு ஐந்து, பயிற்சிக்கு ஐந்துக்கு இரண்டு. கல்லூரிக்குப் போகும்போது கட்டடத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் முதல் வருட மாணவர்கள் பள்ளிக்குப் போகிறார்களா, அங்கே அவர்கள் எடுக்கிற பாடத்தை யார் உட்கார்ந்து பார்க்கிறார், பார்த்த பிறகு அவர்களோடு எவ்வளவு நேரம் பேசுகிறார் என்று கேளுங்கள், முடிந்தால் மூன்றாம் வருடம் படிக்கிற ஒருவரைத் தனியாகப் பிடித்து அதே கேள்விகளை இன்னொரு தடவை கேளுங்கள்.