கொறங்காட்டுச் சீமைக்கருவேலத்துக்குப் பட்டறையில் செய்த வேர்வெட்டி: செய்து வாங்கலாமா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் காட்டில் சீமைக்கருவேலம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, மணிக்கட்டுப் பருமனில் நிற்கிறதா? டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் இந்த வேர்வெட்டியைத் தாராளமாகச் செய்து வாங்குங்கள். ஆள் நுழைய முடியாமல் மண்டிக் கிடக்கிறதா? காசை வீணாக்காமல் ஜே.சி.பி.க்குப் போன் போடுங்கள்.

எங்களுக்குத் திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் பக்கம். பண்ணையத்தில் பாதி கொறங்காடுதான். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் தரிசு என்பார்கள். தரிசு இல்லைங்க, மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம் மாடும் மயிலம்பாடி செம்மறியும் வளர்வது இதில்தான். கொழுக்கட்டைப் புல் ஒருமுறை தூர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும். எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். அந்தத் தூரைப் பெயர்த்துப் போட்டால் மட்டும் திரும்ப அமைய ரொம்ப நாளாகும்.

ஜே.சி.பி. மேல் எனக்கு இருக்கிற வருத்தம் அதனால்தான். மரத்தைப் பிடுங்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் முழங்கால் உயரச் செடிக்கும் ஒரு குழி, அது திரும்பிய இடமெல்லாம் புல் போச்சு. போதாக்குறைக்கு ஓட்ட வருகிற பையனுக்கு வெள்வேலங்கன்று எது, சீமை எது என்று தெரியாது. இரண்டிலும் முள் இருக்கிறதே! கூடவே நடந்து கை காட்டினால்தான் உண்டு.

கோடாலியால் வெட்டினால் என்ன என்று கேட்பவர்கள் வெட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு இருந்த இடத்தில் ஏழெட்டு கிளம்பும். துளிர்க்கிற கணுக்களெல்லாம் மண்ணுக்குள்ளே, வேர்க்கழுத்தில் இருக்கின்றன. தரைக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் அறுத்து, அந்தக் கழுத்தோடு வெளியே எடுத்தால்தான் மரம் சாகும். கருவி செய்யச் சொல்கிறவர்கள் தண்டின் பருமனைத்தான் பேசுகிறார்கள். நான் பட்டறையில் பேசியதெல்லாம் அந்த ஒரு சாண் ஆழத்தைப் பற்றித்தான்.

பட்டறையின் பெயரைக் கேட்காதீர்கள். பாராட்டவும் போகிறேன், திட்டவும் போகிறேன். வண்டி ஓட்டுவது என் கொழுந்தனார். வரைபடம், பேரம், சண்டை மூன்றும் என் பொறுப்பு. மகளின் கணக்கு நோட்டில் படம் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெரியவர் பார்த்துவிட்டு, "ஏனுங் அம்மிணி, 25 மில்லி தகடு கேக்கறீங்களே, முள்ளுப் புடுங்கவா, தேர் இழுக்கவா?" என்றார். "நீங்க செய்யுங்க அண்ணா, அப்புறம் பேசிக்கலாம்" என்றேன்.

அமைப்பு எளிது. நான்கு அங்குலச் சேனல் இரண்டை எதிரெதிராக வைத்துப் பற்றவைத்துப் பெட்டிபோல் ஒரு சட்டம். அதிலிருந்து கீழே இறங்கும் இரண்டு கால்கள், 25 மி.மீ. தகடு. கால்களின் அடியில் 'வி' வடிவ பிளேடு. பழைய ஜே.சி.பி. பக்கெட்டின் வெட்டு விளிம்பை ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடை) எடைக்கு வாங்கி அறுத்துப் போட்டோம். 'வி'யின் உள்பக்கம் ரம்பம்போலப் பல் வெட்டி கிரைண்டர் பிடித்தது. வாய் பின்பக்கம் பார்த்திருக்கும். வண்டியை ரிவர்ஸில் எடுத்து மரத்துக்குக் கொடுக்க வேண்டும்.

ஏன் ரிவர்ஸ் என்று பலரும் கேட்டார்கள். முன்னால் ஓட்டிப் போனால் மரத்தைத் தொடுவதற்குள் முன் டயர் முள்மேல் ஏறியிருக்கும். சீமை முள் டிராக்டர் டயருக்குள்ளும் இறங்கும், பஞ்சர் ஒட்டிய காசுக்கு இன்னொரு கருவி செய்யலாம். ரிவர்ஸில் போனால் இரும்புதான் முதலில் முள்ளைப் பார்க்கும். ஆனால் கிளைகள் ஓட்டுகிறவர் முதுகுக்கு வரும். சீட்டுக்குப் பின்னால் வெல்டு மெஷ் தடுப்பு கட்டாயம் வேண்டும். அதைப் பட்டறைக்காரர் சொல்லவில்லை, கொழுந்தனார்தான் கேட்டு வாங்கினார்.

வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், கருவி பாதி என்றால் ஓட்டம் பாதி. டிராக்டர் ஹைட்ராலிக் தூக்கும், கீழே அழுத்தாது. கருவி இறங்குவது அதன் சொந்த எடையில்தான். எனவே பிளேடு மண்ணுக்குள் போக வேண்டுமானால் எடையும் வேண்டும், நுனி கீழே சாய்ந்தும் இருக்க வேண்டும். டாப் லிங்கை (வண்டியையும் கருவியையும் மேல்பக்கம் இணைக்கும் திருகுத் தண்டு) சுற்றி நீட்டினால் பின்பக்க நுனி தாழும், குறைத்தால் நிமிரும். நாலைந்து சுற்று கூட்டிக் குறைத்துப் பார்த்தால் உங்கள் மண்ணுக்கு எது சரி என்று பிடிபட்டுவிடும். மரத்துக்கு ஓரடி முன்னாலேயே இறக்கி, ரிவர்ஸ் லோ கியரில் மெதுவாகக் கொடுத்தால் பிளேடு சாணளவு உள்ளே போய் 'வி'க்குள் வேர்க்கழுத்து மாட்டும். ஒரு நறுக் சத்தம், மரம் லேசாகச் சாயும். அப்போது நிறுத்தி, தூக்கு லிவரைப் போட்டால் பல் கவ்வி மேலே கொண்டுவந்துவிடும்.

இதை வேகமாகச் செய்யக் கூடாது. கருவியை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு (மேலே டாப் லிங்க், கீழே இரண்டு கீழ் லிங்க்) இழுப்பதற்கென்று அமைந்தது. ரிவர்ஸில் ஓங்கி இடித்தால் கீழ் லிங்க் வளைந்துவிடும். எங்களுடையது மகேந்திரா 575, தூக்குதிறன் 1,600 கிலோ. அந்த 1,600 கிலோ என்பது லிங்கின் நுனியில். நம் பிளேடு அதற்கும் பின்னால் தள்ளி இருப்பதால் அவ்வளவு கிடைக்காது. முன்சக்கரம் கிளம்புகிறது என்றால் அந்த மரத்தை விட்டுவிடுங்கள். முன் வெயிட் போட்டு மல்லுக்கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், முழங்கைப் பருமனைத் தாண்டியது எதுவும் இதற்கானது இல்லை.

ஈரம் இருந்தால் சுகம். ஐப்பசி, கார்த்திகை மழை நின்று, சக்கரம் புதையாத பக்குவத்தில் இறங்கினால் ஒரு மரத்தை எடுத்து முடிப்பதற்குள் ஒரு பாட்டு பாதிகூட ஓடாது. சித்திரையில் எங்கள் சரளை மண்ணில் பிளேடு மேலேயே சறுக்குகிறது. எடுத்த இடத்தில் குழி ஒரு அன்னக்கூடை அளவுதான், காலால் மண்ணைத் தள்ளி மூடிவிடலாம். ஓரடி தள்ளி நின்ற புல் அப்படியே நிற்கிறது. எனக்கு இந்த ஒன்றே போதும். மாமா (வீட்டுக்காரரின் அப்பா) கருவியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் செம்மறியை அந்தப் பக்கமே ஓட்டிக்கொண்டு போனார்.

இனி திட்டு. முதல் குறை, லிங்க் ஓட்டை. லேத்தில் துளை போட்டு புஷ் (துளைக்குள் பொருத்தும் இரும்பு வளையம்) வைத்துத் தாருங்கள் என்று சொல்லியிருந்தும் கேஸ் கட்டரில் சுட்டுக் கொடுத்தார்கள். ஓட்டை முட்டை வடிவில் இருந்தது, பிளேடு இடவலமாக ஆடியது. கீழ் லிங்க் பின்னுக்கு, இணைப்பின் அளவு வகையான கேட்டகிரி ஒன்றில் 22 மி.மீ., இரண்டில் 28. உங்கள் வண்டியில் எது என்று அளந்துகொண்டு போய், துளை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இந்த ஆட்டத்தைச் சரிசெய்யாமல், சட்டத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, குலதெய்வம் பெயர் எழுதி, எலுமிச்சம்பழம் கட்டி வைத்திருந்தார்கள். எழுத்து அழகாகத்தான் இருந்தது.

இரண்டாவது குறை பெரிது. பிளேடு நுனியில் கூடுதலாக இரண்டு குத்துப்பல் கேட்டிருந்தேன். லாரிப் பட்டையை (லாரிக்கு அடியில் இருக்கும் வில் தகடு) வெட்டி வைத்தார்கள். பட்டை நல்ல உருக்கு, லேசில் தேயாது. ஆனால் அதில் கார்பன் அதிகம். சூடு காட்டாமல் சாதா ராடு போட்டு ஒட்டினால் வெல்டிங் ஓரத்தில் கண்ணாடிபோல் உடையும். உடைந்தது. முறிந்த பல்லை எடுத்துப் பார்த்தால் முறிவு வெல்டிங்கில் இல்லை, அதை ஒட்டிய பட்டையில் நேர்க்கோடாக ஓடியிருந்தது. எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தேன். பெரியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சூடு காட்டாம ஒட்டியிருக்கான் அம்மிணி" என்றார். அவரே உட்கார்ந்து, டார்ச்சில் சூடேற்றி, காயவைத்த 7018 வெல்டிங் ராடில் ஒட்டி, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. அந்தப் பல் இன்னும் நிற்கிறது. சொன்ன தேதி தவறியதற்கும், கேட்டதைச் செய்யாததற்கும் குறைத்த மதிப்பெண்ணில் பாதியை அவருக்காகத் திருப்பித் தருகிறேன்.

செலவு: இரும்பு, கூலி, மெஷ் எல்லாம் சேர்த்து எனக்கு முப்பதாயிரத்துக்குள் முடிந்தது. பேரம் பேசத் தெரிந்தால் இன்னும் குறையும். பட்டையைத் தவிர்த்து ஜே.சி.பி. பக்கெட் பல்லையே போல்ட்டில் மாட்டச் சொன்னால் கழற்றி மாற்றவும் சுலபம். அடுத்த மாற்றம் எனக்கு அதுதான்.

ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட மனசில்லை. கருவி எதற்கு, சங்கிலி போதுமே என்று மரத்தில் ஒரு முனையும் டாப் லிங்க் மாட்டும் இடத்தில் மறுமுனையும் கட்டி இழுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவ்வளவு உயரத்தில் கட்டினால் மரம் அசையாதபோது வண்டியின் மூக்கு மேலே எழும்பி, ஓட்டுகிறவர்மேல் மல்லாக்கக் கவிழும். நிறுத்த நேரமே இருக்காது. இழுத்தே ஆக வேண்டுமானால் கீழே டிராபாரில் (வண்டியின் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டை) கட்டுங்கள்.

பிடுங்கியதை என்ன செய்வது? பெரிய கட்டையைக் கரி போடுகிறவர்கள் வந்து எடுத்துக்கொள்கிறார்கள், சுள்ளியை யாரும் சீந்துவதில்லை. நாங்கள் கிளுவை வேலியில் சந்து விழுந்த இடத்தில் அடைத்துவிடுகிறோம். காய் பிடிப்பதற்கு முன்னால் பிடுங்குவது நல்லது. காய் இனிப்பு, ஆடும் மாடும் விடாது, தின்ற விதை சாணியோடு விழுந்து முன்னைவிட வேகமாக முளைக்கும். பக்கத்துக் காட்டுக்காரர் பிடுங்கவில்லை என்றால் வருஷா வருஷம் ஒரு சுற்று நமக்கு உண்டு.

வாடகைக்குக் கிடைக்குமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வண்டியும் கொழுந்தனாரும் சேர்ந்துதான் வரும், கருவியை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை. மழை முடிந்த பிறகு கேளுங்கள்.