கோபுரக் கலசம்: செம்பா, பித்தளையா?

குடமுழுக்குத் திருப்பணியில் இறங்கும் சிறு கோயில்களின் குழுவினர் பலர் தடுமாறும் கேள்வி இது.

விலை: துத்தநாகம் கலந்திருப்பதால், எடைக்கு எடை பித்தளையே மலிவு.

வேலைப்பாடு: செம்புத் தகடு இளகியது, இடையிடையே காய்ச்சித் தட்டினால் குடத்தின் வயிறும் தாமரை இதழ்களும் திருத்தமாக எழும். பித்தளை விரைவில் இறுகிக் கீறல் விடக்கூடும். ஆனால் கடைசல் வேலைக்கு அதுவே வாகானது.

நீடித்து உழைப்பது: செம்பு முதலில் பழுப்பேறி, பல ஆண்டுகளில் பச்சைப் படலம் போர்த்துக்கொள்ளும், அந்தப் படலமே உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. பித்தளையிலோ, கடலோர உப்புக்காற்றில் துத்தநாகம் மெல்லக் கரைந்து வெளியேற, எஞ்சும் செம்பு நுண்துளைகளோடு வலுவிழந்து நிற்கும். உச்சியில் ஏறிப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்பதால், செம்பைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாகத் தோன்றுகிறது.

பொன்முலாம்: இரண்டுமே ஏற்கும். முலாம் தேய்ந்தால் பித்தளையின் மஞ்சள் அதை மறைக்கும். செம்பின் சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்ததும் செப்புக் குடமே. அதன் எடை 3083 பலம், மேலே போர்த்திய பொன் 2926½ கழஞ்சு (இரண்டும் பழைய எடை அளவுகள்) என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது.

திருட்டு: கலசத்தில் 'இரிடியம்' என்ற அரிய உலோகம் இருப்பதாகக் கதைகட்டி ஏமாற்றும் மோசடிக் கும்பல்கள் பழைய கலசங்களையே நாடுவதால், எதை வைத்தாலும் தண்டோடு இறுகப் பிணைக்க வேண்டும்.

ஆகவே கடலோரக் கோயிலுக்கும் பெரிய விமானத்துக்கும் செம்பு. உள்நாட்டில், கை எட்டும் உயரத்தில் இருந்து ஆண்டுதோறும் துலக்கக்கூடிய சிறு சன்னதிக்கும் தேர் உச்சிக்கும் பித்தளை போதும்.