ஸ்டுட்கார்ட் பெட்டியும் ரிச்சி தெருவும்

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அக்கா மகளுக்கு ஒரு லேப்டாப் கொண்டுபோனேன். புதிதில்லை. எங்கள் அலுவலகத்தில் கழித்துவிட்ட திங்க்பேட் டி480, 2018-இல் வந்த மாடல். ஊழியர்களுக்கே 50 யூரோவுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும் முன் கம்பெனி விவரங்கள் வெளியே போய்விடக்கூடாதென்று எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள். அதாவது நான் வேலை பார்க்கும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டிலிருந்து செங்கல்பட்டு வரை நான் சுமந்துவந்தது வெறும் கூடு. பதினெட்டு வயது தாண்டிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்பதால் மீனம்பாக்கத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில்தான் கேட்டார்கள். யாழினி பி.காம் இரண்டாம் வருடம். பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தவள், "சித்தி, ஒய் இருக்க வேண்டிய இடத்துல இசட் இருக்கு. என் பேரை அடிச்சா ஸாய்ஹினின்னுதான் வரும்" என்றாள். ஜெர்மன் கீபோர்டில் அந்த இரண்டு எழுத்தும் இடம் மாறி இருக்கும். பத்து வருடமாக அதில் அடித்துப் பழகிய எனக்கு அது உறைக்கவே இல்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அதுதான் அவள் சொன்னது. அத்தான் மட்டும் தன்மையாக, "முப்பதாயிரம் எடுத்து வெச்சிருக்கேம்மா, புதுசாவே ஒண்ணு பாத்துடலாம்" என்றார்.

சரியென்று ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். அந்த விலைக்குள் பளபளவென்று, மெல்லிசாக, யாழினிக்குப் பிடித்த நிறத்திலேயே ஒன்று இருந்தது. பிராசஸர் ரைசன் 3 7320யூ, 8 ஜிபி ரேம். எண் ஏழில் தொடங்குவதைப் பார்த்துப் புதிது என்று ஏமாறக்கூடாது. உள்ளே இருப்பது 2019-இல் வந்த பழைய ஜென் 2 வகைக் கோர்கள்தான். அதுகூடப் பரவாயில்லை, கல்லூரி வேலைக்குத் தாராளமாகப் போதும். விற்பனைப் பையன், "இப்ப எட்டு போதும் மேடம், அப்புறமா பதினாறு ஆக்கிக்கலாம்" என்றபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. இந்த வகை பிராசஸருக்கு எல்பிடிடிஆர்5 ரேம் மட்டும்தான் பொருந்தும், அதை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுவார்கள், பிறகு மாற்ற முடியாது. அங்கேயே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கத்தைக் காட்டினேன். செருகும் ரேம் என்றால் ஃபார்ம் ஃபேக்டர் என்ற இடத்தில் எஸ்ஓடிஐஎம்எம் என்று வரும். இதில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தது. பையன் அதை இதற்கு முன் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. அவனைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை, அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது கூடுதல் வாரண்டி விற்க மட்டும்தான். ரேம் மாற்ற வசதியுள்ள இன்டெல் ஐ3 1215யூ லேப்டாப் 35,000-ஐத் தாண்டியது. திரும்பிவிட்டோம்.

கொண்டுவந்த கூட்டையே சரிசெய்துவிடலாம் என்று சனிக்கிழமை காலை நானும் யாழினியும் அதை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் மின்சார ரயில் பிடித்து கிண்டியில் இறங்கி, மெட்ரோவில் அரசினர் தோட்டம். அங்கிருந்து நடக்கிற தூரம்தான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு. நான் கல்லூரியில் படித்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது: ஆள் நகர இடமில்லாத சந்து, தலைக்கு மேல் வயர், "என்ன மேடம் வேணும், சிசிடிவியா லேப்டாப்பா" என்று இரண்டு பக்கமும் கூப்பிடும் குரல்கள். வாசல்களில் பழைய ஆபீஸ் லேப்டாப்புகளை இட்லித் தட்டு மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று சொல்ல வேண்டும். 12,000-க்குக் கிடைக்கிற ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டிகள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு முறைப்படி எட்டாம் தலைமுறை முதல்தான் அனுமதி. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடத் தயார் என்றால் வாங்கலாம். என் கூட்டில் இருந்தது ஐ5 8250யூ, எட்டாம் தலைமுறை. மயிரிழையில் தப்பியது.

முதல் கடையில், "வெச்சுட்டுப் போங்க, ரெண்டு மணி நேரத்துல வாங்க" என்றார்கள். கண்ணெதிரில் திறக்கமாட்டேன் என்கிற கடையில் எதையும் விட்டுவிட்டு வர எனக்கு மனம் ஒப்பாது. நகர்ந்துவிட்டோம். மாடிப்படிக்கு அடியில் மூன்றடி அகலத்தில் ஒரு மேசை போட்டிருந்த இன்னொருவர் பெட்டியை வாங்கி, திருப்புளியைத் தொடுவதற்கு முன் என் சார்ஜரைச் செருகி, விண்டோஸ் இல்லாமலே திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்துக்குள் போய், உள் பேட்டரியை அணைத்தார். இந்த மாடலில் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு பேட்டரி. வெளியே இருப்பதைக் கழற்றினாலும் போர்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும், அதனால் முதலில் உள்ளே இருப்பதை அணைக்க வேண்டும். அதைச் செய்ததைப் பார்த்ததும் இவரிடம் கொடுக்கலாம் என்று தோன்றிவிட்டது. அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தி, காலாவதியான ஏடிஎம் கார்டு ஒன்றைச் செருகி, விளிம்பில் டக் டக்கென்று ஒரு சுற்று. திறந்துகொண்டது.

எஸ்எஸ்டியில் வேகமான வகையான என்விஎம்இ கேட்டேன். "இதுல டிஸ்க் வைக்கிற இடத்துல அதோட முழு வேகம் வராது மேடம். காசு தண்டம். சாட்டா போடுங்க" என்றார். சரிதான். அதைவிட மெதுவான வகையான சாட்டாவே நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும், பழைய ஹார்டு டிஸ்க் நூறைத் தொட்டாலே அதிகம். 256 ஜிபி 2,700 ரூபாய்.

ரேம் விலைதான் தூக்கிவாரிப் போட்டது. "தீபாவளிக்கு முன்னாடி வந்திருந்தா பாதி ரேட்டு. இப்ப எல்லா மெமரியும் ஏஐ சர்வருக்குப் போகுது" என்றார். அதனால் புதிதை விட்டுவிட்டு வேறொரு பெட்டியில் கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ஒன்றை 3,000-க்கு, மூன்று மாத வாரண்டியோடு, இரண்டாவது ஸ்லாட்டில் போடச் சொன்னேன். கழற்றிய ரேம் என்றால் மெமரியைச் சோதிக்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அது ஓடி முடிவதற்குள் நாங்கள் எதிரே போய் பஜ்ஜி சாப்பிட்டு வந்துவிட்டோம்.

வெளிப் பேட்டரி 2,400. "ஒரிஜினல்னு பொய் சொல்லமாட்டேன், கம்பாட்டிபிள்தான், ஆறு மாசம் பாத்துக்கலாம்." கீபோர்டு 1,600. விண்டோஸ் போட 500 ரூபாய் என்றார். எந்த விண்டோஸ் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இதன் விண்டோஸ் லைசென்ஸ் எண் மதர்போர்டிலேயே இருக்கிறது, நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அன்றிரவு நெட் இணைத்ததும் அதுவே ஆக்டிவேட் ஆகிவிட்டது. கூலி 500. பிறகு அந்தத் தெருவின் அழியாத கேள்வி: "பில் வேணுமா மேடம்? வேணும்னா 18 பர்சன்ட் சேரும்." வாரண்டியை ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொண்டேன். பில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் இருக்கும் ஊரில் பார்த்துச் சொல்வதற்கே ஒரு கட்டணம் வாங்கி, இரண்டு வாரம் கழித்து நாள் கொடுப்பார்கள். ஆனால் பில்லைக் கேட்டு வாங்க வேண்டியிருக்காது.

இரவு கரண்ட் போனபோதுதான் தெரிந்தது, புதிய கீபோர்டில் விளக்கு இல்லை. பழையதில் இருந்தது. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, அவரும் வாய்திறக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிறு, அந்தத் தெருவில் பாதிக்கு மேல் மூடியிருக்கும். எனக்கோ புதன்கிழமை விமானம். திங்களன்று மறுபடி ரயில், மெட்ரோ. கொஞ்சம் சண்டை போடத் தயாராகத்தான் போனேன். "லைட் உள்ளது 600 அதிகம், நீங்க கேக்கல, நானும் சொல்லல. தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்" என்று 600 மட்டும் வாங்கிக்கொண்டு, கூலி கேட்காமல் மாற்றிக்கொடுத்தார். எல்லாம் சேர்த்து 10,800 ரூபாய். பெட்டி கனம்தான், பேட்டரியும் அந்தப் பளபள லேப்டாப் அளவுக்கு நிற்காது. யாழினி தன் பெயரை முதலில் அடித்துப் பார்த்துவிட்டு, கணக்கு எழுதும் மென்பொருளான டாலியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாள்.

கிளம்பும்போது அந்த மேசைக்கு மேலே பார்த்தேன். சனிக்கிழமை கழற்றிய என் ஜெர்மன் கீபோர்டு, துடைத்து, கவர் போட்டு, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. "இதை யார் வாங்குவாங்க?" என்றேன்.

"வருவாங்க மேடம், ஜெர்மனிக்குப் படிக்கப் போற பசங்க."

விலைச்சீட்டில் 1,200 என்றிருந்தது.