வீட்டுவழிக் கல்விக்கு பத்மநாபபுரம் அரண்மனை: 6 முதல் 10 வயதுப் பையன்களுக்கு

தக்கலை பக்கமுள்ள இந்த அரண்மனை ஒரு காலைப்பொழுதுப் பாடத்துக்கு அருமையான இடம். திங்கள் விடுமுறை. காலை 9 மணிக்கே போய்விடுங்கள். பிந்தினால் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், சின்னவர்களால் நின்று பார்க்க முடியாது. செருப்பை வெளியே விட வேண்டும்.

மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் வண்ண மைக்கா சன்னல்களும் கறுத்து மின்னும் தரையும் நல்லவை. ஆனால் உண்மையான பள்ளிக்கூடம் ஊட்டுப்புரை என்னும் சாப்பாட்டுக்கூடம்தான். ஒரு தளத்தில் ஆயிரம் பேர் சாப்பிடலாம் என்பார்கள். அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலேயே பையனின் ஓர் எட்டு எத்தனை அங்குலம் என்று அளந்து வையுங்கள். அங்கே எட்டு வைத்து நீளத்தை எண்ணி, அடியாக மாற்றி, ஆளுக்கு 2 அடி வீதம் வகுத்தால் ஒரு பந்திவரிசையில் எத்தனை பேர் என்பது கிடைக்கும். ஆயிரம் பேருக்கு அப்படி எத்தனை வரிசை வேண்டும், அத்தனைக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஓடினால் எட்டு நீளும், கணக்குத் தப்பும், மெல்ல நடக்கட்டும்.

மணிமாளிகை என்னும் மணிக்கூண்டின் கடிகாரம் எடைக்கற்கள் இறங்கும் விசையில் ஓடுவது. வீட்டில் நூலும் கல்லும் கப்பியும் வைத்துச் செய்து காட்டலாம்.

படிகள் குறுகலும் செங்குத்துமானவை. கூட வரும் தம்பி தங்கை 5 வயதுக்குள் என்றால் கையை விடாதீர்கள்.

தமிழ்நாட்டு மண்ணில் இருக்கும் இந்த அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறை பராமரிப்பது ஏன்? பெரியவனுக்கு 1956 மாநிலப் பிரிப்பை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த இந்தப் பகுதி அப்போது சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் மாவட்டத்தில் இல்லை.