பழைய படகு மோட்டாருக்கு அலுமினியப் புரொப்பெல்லரா, ஸ்டெயின்லெஸ்ஸா?

எங்கள் ஃபைபர் படகில் இருப்பது 15 எச்பி இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார். காலேஜில் படிக்கும் என் அக்கா மகனைவிட அதற்கு வயது அதிகம். போன தை மாதம் எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டும்போது த்ராட்டிலை முறுக்கினால் மோட்டார் மட்டும் கத்தியது, படகு நகரவில்லை. கியர் போய்விட்டது என்றுதான் பயந்தேன். கழற்றிப் பார்த்தால், தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரின் நடுவில், தண்டோடு சுற்றும் உள்வளையத்தையும் இறக்கைகள் உள்ள வெளிவளையத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ரப்பர் புஷ் வயதாகி வழுக்கியிருக்கிறது. உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை பெயின்டில் ஒரு நேர்க்கோடு போட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் ரப்பர் வழுக்குகிறது என்று அர்த்தம். கியர் பெட்டியைப் பிரிக்கும் முன் இதைச் செய்தால் காசு மிச்சம்.

சரி, புதிது வாங்க வேண்டும். அதே மூன்று இறக்கை அலுமினியம், ஸ்டெயின்லெஸ், நான்கு இறக்கை அலுமினியம் என்று மூன்று வழி இருந்தது. நான் வாங்கியது முதலாவதை. அதன் பக்கம்தான் சாய்ந்து எழுதுகிறேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

எந்த உலோகமானாலும் பிட்ச் தப்பினால் பிரயோசனமில்லை. பிட்ச் என்பது வழுக்கலே இல்லாமல் ஒரு சுற்றுக்குப் படகு எத்தனை அங்குலம் முன்னே போகும் என்ற கணக்கு. பழையதில் 9¼ x 11 என்று பொறித்திருந்தது, அதாவது விட்டம் 9¼ அங்குலம், பிட்ச் 11 அங்குலம். முன்பு வைத்திருந்தவர் லேசான படகில் ஓட்டியிருப்பார் போல. எங்களுக்கோ மூன்று பேர், வலை, ஐஸ் பெட்டி. இந்த மோட்டாருக்கு முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 4500 முதல் 5500 சுற்று வர வேண்டும். ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன மீட்டரை வைத்துப் பார்த்தபோது பாரத்தோடு 4200-தான் வந்தது. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது பொதுக்கணக்கு. அதனால் 9 போட்டேன். இப்போது பாரத்தோடு 4600, காலியாக 5200. காலிப் படகில் கொஞ்சம் வேகம் குறைந்தது உண்மைதான். ஆனால் சுற்று ஏறாமல் திணறும் இரண்டு ஸ்ட்ரோக் கரி பிடித்து, சூடேறி, பிஸ்டனைத் தின்றுவிடும். அந்த வேகம் எனக்கு வேண்டாம். மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள் பிட்ச்சை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், பெட்ரோலில் வரும் இழுவை அதில் வராது.

இப்போது உலோகம். ஸ்டெயின்லெஸ்ஸின் பெருமை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இறக்கை மெல்லியது, பாரத்தில் வளையாது, மணலில் சீக்கிரம் தேயாது, மேல்வேகம் கொஞ்சம் கூடும். எனக்குச் சொன்ன விலை அலுமினியத்தைப்போல மூன்று மடங்கு. விலையைக்கூட விடுங்கள். நான் யோசித்தது வேறு: அடிபட்டால் எது உடைய வேண்டும்?

நாங்கள் ஓடும் தண்ணீர் அப்படி. முகத்துவாரத்தில் மணல்திட்டு நேற்று இருந்த இடத்தில் இன்று இருக்காது. கொசஸ்தலை ஆற்றுக்குள் சாம்பலும் சேறும் படிந்து ஆழம் குறைந்த இடங்கள் உண்டு. பாலத்தூண் பக்கம் மட்டி ஒட்டிய கல். தண்ணீர் வற்றும் நேரத்தில் மாதம் ஒருமுறையாவது எதிலாவது தட்டிவிடும். ரப்பர் புஷ் அதிர்ச்சியில் ஒரு பங்கைத்தான் வாங்கும். மீதியை அலுமினியம் என்றால் இறக்கையே வளைந்து வாங்கிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் வளைந்துகொடுக்காது, அடி உள்ளே தண்டுக்கும் கியருக்கும் போகும். புது மோட்டார் தாங்கலாம். பல் தேய்ந்த பழைய கியர் பெட்டிக்கு உதிரி தேடி அலைந்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். காசிமேட்டில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் சொன்னது: "தம்பி, வெளிய வளைஞ்சா நான் தட்டிக் குடுப்பேன். உள்ள தண்டு வளைஞ்சா மோட்டார இறக்கணும்."

மச்சான் ஒரு ஸ்டெயின்லெஸ் வைத்திருந்தார். இரவல் வாங்கி இரண்டு நாள் ஓட்டினேன். இழுவை அருமை, பொய் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாள் கல்லில் ஒரு தட்டு. இறக்கையில் கீறல்கூட இல்லை. பத்து நாளில் கியர் ஆயில் பால் நிறமாகிவிட்டது, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அந்த அடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலும் பழசுதான். ஆனாலும் மனசு விட்டுப்போனது.

இன்னொன்று, உப்புத் தண்ணீரில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தால் அரிப்பு அலுமினியத்துக்குத்தான். மோட்டாரின் கீழ்ப்பாகம் முழுக்க அலுமினியம். அதைக் காக்க வைத்திருக்கும் துத்தநாகக் கட்டி சீக்கிரம் கரையும், பார்த்துப் பார்த்து மாற்ற வேண்டும். பல பழைய மோட்டார்களில் அந்தக் கட்டி இருந்த இடத்தில் வெறும் போல்ட்தான் இருக்கிறது.

அலுமினியத்தில் சின்ன வெட்டு என்றால் அரம் வைத்து நானே ராவிவிடுவேன். வளைந்தால் பட்டறை. ஆனால் ஒரே இறக்கையை மூன்று நான்கு தடவை நிமிர்த்தினால் அடியில் விரிசல் விடும், அப்போது தூக்கிப்போட வேண்டியதுதான்.

நான்கு இறக்கையை நான் ஓட்டியதில்லை. பாரம் இழுக்கவும் அலையில் பிடிமானத்துக்கும் நல்லது என்று பழவேற்காட்டுப் பக்கம் ஒருவர் போட்டிருக்கிறார், திருப்தியாகத்தான் பேசுகிறார். காசிமேட்டிலிருந்து நேராக ஆழத்துக்குப் போகிறவர், புது மோட்டார் வைத்திருப்பவர் என்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எதை மாட்டினாலும் தண்டின் பல்லில் கிரீஸ் தடவாமல் மாட்டாதீர்கள். உப்பு இறுகினால் அடுத்த முறை சுத்தியல்தான். மாதம் ஒருமுறை கழற்றி, பின்னால் தங்கூசி (தூண்டில் நரம்பு) சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது வாஷருக்குப் பின்னால் புகுந்தால் ஆயில் சீலை அறுத்துவிடும். ஸ்டெயின்லெஸ் போட நினைத்த காசில் இன்னொரு அலுமினியம் 9 வாங்கி, நட்டு, அது கழலாமல் பிடிக்கும் காட்டர் பின், ஸ்பேனரோடு ஒரு கோணிப்பையில் கட்டிப் படகின் முன்பக்கம் போட்டிருக்கிறேன். சித்திரையில் ஒரு நாள் திட்டில் மோதி இறக்கை மடங்கியபோது இடுப்பளவுத் தண்ணீரில் நின்றே மாற்றிவிட்டுக் கரை சேர்ந்தோம்.