டாலஸ் புறநகரில் ஒரு சியர் ஜிம்: பெற்றோர் பார்வையில் ஒரு மதிப்பீடு

நம்மவர்களுக்குச் சியர்லீடிங் என்றதும் ஐபிஎல் மைதானத்தின் ஓரத்தில் ஆடுபவர்களே நினைவுக்கு வருகிறார்கள். என் மகள் பயிலும் ‘ஆல் ஸ்டார்’ சியரில் உற்சாகப்படுத்த வேறு அணி எதுவும் கிடையாது. டம்ப்ளிங் (குட்டிக்கரணம் போன்ற தரை வித்தைகள்), ஸ்டண்ட் (ஒருவரைச் சிலர் சேர்ந்து தூக்கி நிறுத்துவது), பிரமிடு, நடனம் ஆகிய அனைத்தையும் இரண்டரை நிமிடத்துக்குள் செய்து காட்டி நடுவர்களிடம் மதிப்பெண் பெற வேண்டிய போட்டி விளையாட்டு இது. இதன் உலகக் கூட்டமைப்புக்குச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2021இல் முழு அங்கீகாரம் அளித்துவிட்டது என்பதை உறவினர்களிடம் நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. பிளேனோ பக்கம் நாங்கள் அனுப்பும் ஜிம்மின் பெயரை இங்கே தவிர்த்துவிடுகிறேன்.

பயிற்சியில் குறை சொல்ல அதிகம் இல்லை. இவ்விளையாட்டில் 1 முதல் 7 வரை நிலைகள் உண்டு. பின்புறமாகக் கையூன்றித் தாவும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் 2ஆம் நிலையிலும், ஓடிவந்து கையூன்றாமல் அந்தரத்தில் சுழலும் பேக் டக் 3ஆம் நிலையிலும்தான் அனுமதிக்கப்படுகின்றன. இவற்றை ஒருமுறை போட்டுவிட்டாலே பிள்ளையை மேல்நிலை அணியில் சேர்க்கும்படி பெற்றோர் நெருக்குவது இங்கே வழக்கம். இந்த ஜிம்மின் தலைமைப் பயிற்சியாளர் அதற்கு மசிவதில்லை. என் மகள் ஏர் டிராக் எனப்படும் காற்றடைத்த மெத்தையில் சுலபமாக ஹேண்ட்ஸ்பிரிங் போட்ட பிறகும், முழங்கை மடங்குகிறது என்று சொல்லி அந்த சீசன் முழுவதும் 1ஆம் நிலையிலேயே வைத்திருந்தார். அவள் முதுகைத் தாங்கிய கையை எடுக்கும்போதும் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் எடுத்தார். குழந்தையை ஏமாற்றித் துணிச்சல் வரவழைக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

எல்லாப் பெற்றோருக்கும் தம் பிள்ளை மேலே நிற்கும் ஃப்ளையராக வேண்டும் என்ற ஆசை. உயரமாக வளர்ந்துவிட்ட என் மகளோ கீழே பாதத்தைத் தாங்கும் பேஸ். இங்கே ஸ்டண்ட் சரிந்தால், பேஸ் இருவரின் பிடியையும் பின்னால் நிற்கும் பேக் ஸ்பாட்டின் கையையும் சரிபார்த்த பிறகே ஃப்ளையரின் பக்கம் வருகிறார்கள். புதிய ஸ்டண்ட் எதுவும் இடுப்பளவு உயரத்தில் உறுதிப்படாமல் தோளுக்கு மேலே போவதில்லை. 54 அடி நீளமும் 42 அடி அகலமும் கொண்ட, போட்டியில் இருப்பதைப் போன்ற ஸ்பிரிங் தளத்திலேயே அன்றாடப் பயிற்சி நடக்கிறது.

கட்டண விஷயத்தில்தான் எனக்குக் கோபம். இணையதளத்தில் மாதக் கட்டணம் மட்டுமே இருக்கும். சீருடை, தலை ரிப்பன், நடன அமைப்பு, இசை, போட்டி நுழைவு, பயிற்சியாளரின் பயணச் செலவு என்று ஒவ்வொன்றும் சீசன் தொடங்கிய பிறகு தனித்தனி மின்னஞ்சலாக வந்து சேரும். வெளியூர்ப் போட்டி என்றால், ஏற்பாட்டாளர் குறிப்பிடும் ஓட்டல்களில்தான் தங்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கக்கூடும். ஆர்லாண்டோவில் சீசன் முடிவில் நடக்கும் சம்மிட் என்ற பெரிய போட்டிக்கு அணி தேர்வாகிவிட்டால் விமானச் செலவும் சேரும் என்பதால், மகிழ்ச்சியோடு கூடவே கணக்கும் போட வேண்டியிருக்கிறது.

அடுத்த சீசனுக்கான தேர்வு மே மாதத்தில் நடக்கும். சேர்க்க நினைப்பவர்கள் முழு சீசனின் செலவுப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள், தாமாகத் தருவதில்லை.